தேர்வு மதிப்பெண்ணைத் திருத்துவது யார்? லண்டன், கொழும்பு, சென்னை அனுபவங்கள்

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் தேதி இங்கிலாந்தில் ஏ லெவல் முடிவுகள் வெளியாயின. பதினெட்டு வயதில் பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தத் துறையில் சேரலாம் என்பதைத் தீர்மானிப்பது இந்த முடிவுகள்தான். ஆனால் அந்த ஆண்டு தேர்வு என்ற ஒன்றே நடக்கவில்லை. கொரோனா தொற்றின் காரணமாகத் தேர்வுகள் ரத்து செய்யப்படுவதாக மார்ச் 18ஆம் தேதியே அரசு அறிவித்துவிட்டது. எழுதாத தேர்வுக்குத் தரங்கள் மட்டும் வந்து சேர்ந்தன. ஆசிரியர்கள் மதிப்பிட்டு அனுப்பிய தரங்களில் ஏறத்தாழ 40 சதவீதம், எண்ணிக்கையில் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம், குறைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் குறைத்தது மாணவர்களை அறிந்த எவரும் அல்ல. ஒரு கணினிக் கணக்கீடு.

அடுத்த சில நாட்களில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள கல்வி அமைச்சகத்தின் வாசலில் மாணவர்கள் திரண்டனர். ஆகஸ்ட் 17ஆம் தேதி, அதாவது நான்கே நாட்களில், அரசு பின்வாங்கியது. கணக்கீடு கைவிடப்பட்டு, ஆசிரியர்கள் அளித்த தரங்களே இறுதியானவை என்று அறிவிக்கப்பட்டது. கல்வி அமைச்சர் கேவின் வில்லியம்சன் மன்னிப்புக் கோரினார். தேர்வுகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஆஃப்குவாலின் தலைமை நிர்வாகி சாலி கோலியர் பதவி விலகினார். ஸ்காட்லாந்து அரசு அதற்கு ஒரு வாரம் முன்னரே இதே பாதையில் சென்று திரும்பியிருந்தது. அங்கு ஏறத்தாழ 1 லட்சத்து 25 ஆயிரம் தரங்கள் குறைக்கப்பட்டிருந்தன. வறிய பகுதிகளில் வாழும் மாணவர்களின் ஹையர் தேர்ச்சி விகிதம் 15.2 சதவீதப் புள்ளிகள் குறைக்கப்பட்டபோது, வசதி மிக்க பகுதிகளில் அக்குறைப்பு 6.9 சதவீதப் புள்ளிகளாக மட்டுமே இருந்தது.

இந்தச் சம்பவம் பிரிட்டனில் கணினியின் தவறாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சனும் பழியை அந்தக் கணக்கீட்டின் மீதே போட்டார். ஆனால் இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து லண்டனில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு இதில் வேறொன்று தெரிந்திருக்கும். ஒரு மாணவர் பெற்ற மதிப்பெண்ணை, அவர் சார்ந்த கூட்டத்தைப் பார்த்துத் திருத்துவது அவர்களுக்குப் புதிதல்ல.

கணக்கீடு செய்தது என்ன?

பள்ளிகளிடம் இரண்டு விவரங்கள் கேட்கப்பட்டன. ஒவ்வொரு மாணவரும் தேர்வு எழுதியிருந்தால் என்ன தரம் பெற்றிருப்பார் என்பது ஒன்று. ஒவ்வொரு பாடத்திலும் மாணவர்களை முதல்வரிலிருந்து கடைசி வரை வரிசைப்படுத்த வேண்டும் என்பது மற்றொன்று. ஆசிரியர்கள் முதலாவதற்கே அதிக நேரம் செலவிட்டார்கள். ஆஃப்குவால் பெரிதும் பயன்படுத்தியது இரண்டாவதைத்தான்.

கிழக்கு லண்டனில் ஓர் அரசுப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கே 25 பேர் வேதியியல் படிக்கிறார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் அப்பள்ளியில் வேதியியலில் எத்தனை பேர் ஏ பெற்றார்கள், எத்தனை பேர் பி பெற்றார்கள் என்ற கணக்கு முதலில் எடுக்கப்படும். இந்த ஆண்டு மாணவர்கள் 16 வயதில் எழுதிய ஜிசிஎஸ்இ தேர்வின் அடிப்படையில் அதில் சிறு மாற்றம் செய்யப்படும். பிறகு அந்தத் தரங்கள், ஆசிரியர் தந்த வரிசைப்படி, மேலிருந்து கீழே பகிர்ந்தளிக்கப்படும். முந்தைய ஆண்டுகளில் எவரும் ஏ ஸ்டார் எனப்படும் மிக உயர்ந்த தரத்தைப் பெறவில்லை என்றால், இந்த ஆண்டின் முதல் மாணவி எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அவருக்கு அது கிடைப்பது அரிது. முன்பு சிலர் தேர்ச்சி பெறாமல் போயிருந்தால், வரிசையின் கடைசியில் நிற்பவர் தோல்வி அடைந்தாக வேண்டும். தம் பள்ளியில் முன்பு படித்த எவரோ தவறவிட்ட தேர்வுக்காக, எழுதாத தேர்வில் தோற்றவர்கள் அந்த ஆண்டில் இருந்தார்கள்.

இன்னொன்றும் நிகழ்ந்தது. ஒரு பாடத்தில் ஐந்து பேர் அல்லது அதற்கும் குறைவானவர்கள் மட்டும் இருந்தால், புள்ளிவிவரக் கணக்கு பொருந்தாது என்று கூறி ஆசிரியர் தந்த தரமே அப்படியே ஏற்கப்பட்டது. பதினைந்து பேர் வரை உள்ள வகுப்புகளுக்கும் ஓரளவு சலுகை இருந்தது. சிறிய வகுப்புகள் எங்கே இருக்கும்? லத்தீனும் பண்டைய கிரேக்கமும் கற்பிக்கும் கட்டணப் பள்ளிகளில். முந்தைய ஆண்டுடன் ஒப்பிடுகையில், தனியார் பள்ளிகளில் ஏ அல்லது அதற்கு மேற்பட்ட தரங்களின் பங்கு 4.7 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் பெருமளவில் பயிலும் சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரிகளில் அந்த உயர்வு 0.3 மட்டுமே.

ஆஃப்குவால் தீய நோக்கத்துடன் செயல்பட்டது என்று கூற முடியாது. ஆசிரியர்களின் மதிப்பீட்டை அப்படியே ஏற்றால், ஏ மற்றும் ஏ ஸ்டார் பெறுவோரின் பங்கு ஒரே ஆண்டில் 25 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாகத் தாவும். அது முந்தைய ஆண்டில் தேர்வு எழுதியவர்களுக்கும் அடுத்து எழுதப்போகிறவர்களுக்கும் இழைக்கப்படும் அநீதி என்று அது வாதிட்டது. பிற்பாடு நடந்தது அந்த வாதத்துக்கு ஓரளவு வலுச் சேர்க்கிறது. தேர்வுகள் நடக்காத 2021இல் அந்தப் பங்கு 44.8 சதவீதத்தைத் தொட்டது. 2022இல் 36.4, 2023இல் 27.2. 2021இல் ஏ பெற்றவரும் 2023இல் பி பெற்றவரும் இன்று ஒரே வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்களுடைய அறிவில் அவ்வளவு வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை. வேறுபட்டது ஆண்டு.

ஆக, மொத்தக் கணக்கில் ஆஃப்குவால் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு மாணவரின் கணக்கில் அது பெரும் அநியாயமாக முடிந்தது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இவ்விவகாரத்தின் சிக்கல்.

ஒரு தரம் எதைச் சொல்கிறது?

மதிப்பெண்ணை இரண்டு விதமாகப் படிக்கலாம். மாணவருக்கு என்ன தெரியும் என்பதன் அளவாக ஒன்று. மற்றவர்களுக்கு நடுவே அவர் எங்கே நிற்கிறார் என்பதன் குறியீடாக மற்றொன்று. பிரிட்டன் இரண்டையும் முயன்று பார்த்த நாடு. ஏ லெவல் 1951இல் தொடங்கியபோது தேர்ச்சியா தோல்வியா என்பதே முக்கியமாக இருந்தது. 1963இல் ஏ முதல் ஈ வரையிலான தரங்கள் வந்தன. அவற்றுடன் ஓர் ஒதுக்கீடும் வந்தது: முதல் 10 சதவீதத்தினருக்கு ஏ, அடுத்த 15 சதவீதத்தினருக்கு பி, அடுத்த 10 சதவீதத்தினருக்கு சி என்று. எல்லோரும் சிறப்பாக எழுதினாலும் பத்தில் ஒருவருக்குத்தான் ஏ. நடுவில் இருந்த சி மிகக் குறுகலான பட்டையாக அமைந்ததால், சில மதிப்பெண்கள் கூடிக் குறைந்தாலே ஒரு மாணவர் பி என்பதிலிருந்து டி என்பதற்கு இறங்கிவிடக்கூடிய நிலை இருந்தது. இந்த ஏற்பாடு 1987 வரை நீடித்தது. பின்னர் தரத்தை நிர்ணயிப்பதில் விடைத்தாளின் தன்மைக்கு முக்கியத்துவம் தரப்பட்டது. அதன்பின் ஆண்டுதோறும் தேர்ச்சி உயர்ந்துகொண்டே போகவே, ஆஃப்குவால் கடந்த 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மீண்டும் கடிவாளத்தை இழுத்தது.

எழுத்தும் எண்ணும் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் பொருள் மாறுபவை. லண்டன் தமிழ் வீடுகளில் இது வேடிக்கையாகவும் வெளிப்படும். இலங்கையில் க.பொ.த. சாதாரண தரத்தில் முன்பு டி என்பதே மிக உயர்ந்த தரம், அதிவிசேட சித்தி. எட்டு பாடங்களிலும் டி எடுத்தேன் என்று பெருமையுடன் கூறும் தந்தையை, இங்கு பிறந்த பிள்ளை பரிதாபத்துடன்தான் பார்க்கும். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சிஎஸ்இ என்ற தேர்வில் 1 உயர்ந்த தரம். 2017 முதல் ஜிசிஎஸ்இயில் 9 உயர்ந்தது. வேல்ஸிலும் வடக்கு அயர்லாந்திலும் இன்றும் எழுத்துகள்தான். ஜெர்மனியில் 1 சிறந்தது, பிரான்சில் 20க்குக் கணக்கு, டென்மார்க்கில் 2007இல் நடைமுறைக்கு வந்த அளவுகோலில் அதிகபட்சம் 12, குறைந்தபட்சம் பூஜ்ஜியத்துக்கும் கீழே மைனஸ் 3. பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் 70 சதவீதம் எடுத்தால் முதல் வகுப்பு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வில் 70 சதவீதம் எடுத்த பிள்ளை வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

எனவே எல்லை தாண்டும் மதிப்பெண்ணுக்கு நாணய மாற்றுப் போல ஒரு மாற்று விகிதம் தேவைப்படுகிறது. பிரிட்டனில் அந்த வேலையைச் செய்வது யுகே இனிக் என்ற அமைப்பு. நாரிக் என்ற பெயரில் இயங்கிய இது, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பின்னர் 2021இல் பெயர் மாறியது. வெளிநாட்டுச் சான்றிதழ் எந்த மட்டத்துக்கு ஈடானது என்று அது கூறும். எத்தனை சதவீதம் போதும் என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்துகொள்கிறது. இந்தியாவின் ஒரு கல்லூரியிலிருந்து 60 சதவீதத்துடன் வருபவரை ஏற்கும் அதே துறை, வேறொரு கல்லூரியிலிருந்து வருபவரிடம் மேலும் அதிகம் கேட்கும். சிபிஎஸ்இ மாணவருக்கு ஒரு அளவு, சில மாநில வாரியங்களின் மாணவருக்கு அதைவிட உயர்ந்த அளவு. மாணவரை அல்லாமல் அவர் வந்த இடத்தை எடைபோடும் அதே முறைதான் இது. ஆனால் இதற்காக எவரும் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடுவதில்லை; பாதிக்கப்படுவோர் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள்.

பிரிட்டனின் உள்ளேயும் இது வேறு வடிவில் இருக்கிறது. இங்கு மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது தேர்வுக்கு முன்னரே. அப்போது கையில் இருப்பது ஆசிரியர் கணித்துத் தரும் தரம் மட்டுமே. அந்தக் கணிப்புகளில் 16 சதவீதம் மட்டுமே சரியாக அமைந்தன என்று கல்வி ஆய்வாளர் கில் வைனஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. பெரும்பாலானவை மிகைக் கணிப்புகள். ஆனால் திறமையும் வறுமையும் ஒருங்கே கொண்ட மாணவர்களுக்கு, வசதி படைத்த அதே திறமையாளர்களைவிட, குறைவாகக் கணிக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்பதும் அதில் தெரியவந்தது.

கொழும்பில் நடந்தது

2020இல் கேம்பிரிட்ஜ் நிறுவனம் வெளிநாடுகளில் நடத்தும் ஏ லெவல் தேர்வுக்கும் இதேபோன்ற சரிக்கட்டல் செய்யப்பட்டு, லண்டன் அரசு பின்வாங்கிய மறுநாள் அதுவும் கைவிடப்பட்டது. அதை எழுதுவோர் கொழும்பின் சர்வதேசப் பள்ளிகளிலும் உண்டு. ஆனால் இலங்கையின் சொந்த உயர்தரத் தேர்வின் வரலாற்றில் இதைவிடப் பெரிய காயம் ஒன்று இருக்கிறது.

அங்கே மதிப்பெண்ணைப் புள்ளி என்பார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான கோடு வெட்டுப்புள்ளி. 1970 மே மாதத்தில் ஐக்கிய முன்னணி அரசு பதவிக்கு வந்தது. அறிவியல் துறைகளில், குறிப்பாகப் பொறியியலிலும் மருத்துவத்திலும், இலங்கைத் தமிழ் மாணவர்கள் தம் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகமாக இடம்பெற்றிருந்த காலம் அது. தமிழ் மொழியில் விடைத்தாள் திருத்துவோர் தாராளமாகப் புள்ளி வழங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு கிளம்பியது. அதை மெய்ப்பிக்கும் ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. ஆயினும் அடுத்த அனுமதியின்போது இரண்டு வெட்டுப்புள்ளிகள் வந்தன. மருத்துவத்துக்கு 400க்குச் சிங்கள மொழி மூலம் எழுதியவர் 229 எடுத்தால் போதும். தமிழ் மொழி மூலம் எழுதியவர் 250 எடுக்க வேண்டும். பொறியியலுக்கு 227க்கு எதிராக 250. ஒரே வினாத்தாள், ஒரே ஆய்வுகூடச் செய்முறை, வெவ்வேறு கோடுகள்.

1973இல் இதற்கு ஒரு புள்ளிவிவர உருவம் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு மொழியிலும் தேர்வு எழுதியோரின் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் அந்த மொழியிலிருந்து மாணவர்கள் தகுதி பெறும்படி, புள்ளிகள் ஒரு பொது அளவுக்கு மாற்றப்பட்டன. அதற்குப் பெயர் தரப்படுத்தல். 1974இல் அதனுடன் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. அறிவியல் துறைகளில் 1970இல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக இருந்த தமிழ் மாணவரின் பங்கு, 1975இல் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே சென்றது. 1977இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. அதற்குள் அது ஏற்படுத்திய மனக்கசப்பு வகுப்பறைகளை விட்டு வெகுதூரம் போய்விட்டது. வடக்கின் இளைஞர்கள் ஆயுதப் போராட்டத்தை நோக்கித் திரும்பிய காரணங்களைப் பட்டியலிடும் எந்த வரலாற்றாசிரியரும் தரப்படுத்தலை விட்டுவிடுவதில்லை.

இதில் தமிழர் தரப்பில் அவ்வளவாகப் பேசப்படாத பகுதியும் உண்டு. மொழிவாரிக் கோடும் மாவட்ட ஒதுக்கீடும் பொதுவாக ஒரே மூச்சில் கண்டிக்கப்படுகின்றன. ஆனால் மாவட்ட முறை பாதித்தது பெரிதும் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும். கொழும்பில் இழந்தவர்களில் சிங்களவர்களும் இருந்தார்கள். மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் ஆய்வுகூடம் இல்லாத பள்ளிகளில் படித்த தமிழ், முஸ்லிம் மாணவர்கள் அதனால் பயன்பெற்றார்கள். இன்றும் இலங்கையில் பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைப்படியும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. போரில் சிதைந்த கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும். அவ்விடத்து மாணவர்களிடம் போய் இந்த ஒதுக்கீடு அநீதி என்று சொல்ல எவரும் துணியமாட்டார்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நுட்பமானதுபோலத் தோன்றினாலும் அடிப்படையானது. மாவட்ட ஒதுக்கீடு, இந்தப் பள்ளிகள் பின்தங்கியவை, ஆகவே இத்தனை இடங்களை ஒதுக்கி வைக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மாணவரின் புள்ளி அவருடையதாகவே இருக்கிறது. மொழிவாரிக் கோடு வேறு எதையோ சொன்னது: நீ எடுத்த புள்ளி உண்மையான புள்ளி அல்ல என்று. 2020இல் லண்டன் மாணவர்களைக் கொதிக்க வைத்ததும் இதே சொல்தான். இடப் பற்றாக்குறை என்று கூறியிருந்தால் ஏமாற்றமடைந்திருப்பார்கள். உன் தரமே இதுதான் என்றபோது அவமதிக்கப்பட்டதாக உணர்ந்தார்கள்.

திருத்தாமலே விட்டுவிடலாமா என்றால், அதுவும் முடியாது. பௌதிகவியல் வினாத்தாள் கடினமாகவும் வேறொரு பாடத்தின் வினாத்தாள் எளிதாகவும் அமைந்தால், இரண்டின் புள்ளிகளையும் அப்படியே கூட்டுவது நியாயமாகாது. இலங்கை 2001 முதல் இசட் புள்ளி முறையைப் பின்பற்றுவது இதற்காகவே. ஒரு பாடத்தின் சராசரி 35 ஆகவும், புள்ளிகளின் பரவலைக் காட்டும் நியம விலகல் 15 ஆகவும் இருக்கையில், 65 எடுத்தவர் சராசரிக்கு மேலே இரண்டு விலகல் தூரத்தில் நிற்கிறார்; அவருடைய இசட் புள்ளி 2. வேறொரு பாடத்தில் சராசரி 60, விலகல் 12 என்றால் 72 எடுத்தவரின் இசட் புள்ளி 1 மட்டுமே. மூன்று பாடங்களின் சராசரியே மாணவரின் இறுதி இசட் புள்ளி. மொழியோ பள்ளியோ இதில் நுழைவதில்லை. பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் உருவாக்கிய இந்த முறையை நியாயமானது என்றே சொல்ல வேண்டும்.

அதையும் பிழையாகச் செய்ய முடியும் என்பது 2011இல் தெரிந்தது. அந்த ஆண்டு பழைய பாடத்திட்டத்தில் படித்தோரும் புதிய பாடத்திட்டத்தில் படித்தோரும் வெவ்வேறு வினாத்தாள்களை எழுதினார்கள். இரு பிரிவினரும் ஒரே தொகுதியாகக் கொள்ளப்பட்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டது. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் அக்கணிப்பை ரத்து செய்து, இரு பிரிவினருக்கும் தனித்தனியாகக் கணிக்க உத்தரவிட்டது. கணக்கின் சூத்திரம் சரியாகவே இருந்தது. யாரை யாருடன் ஒப்பிடுவது என்பதில்தான் கோளாறு.

சென்னையிலும் டெல்லியிலும்

தமிழ்நாடு 1984இல் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. நகர்ப்புறப் பயிற்சி மையங்களுக்கே அது சாதகம் என்று கூறி 2006இல் இயற்றிய சட்டத்தின் மூலம் ரத்து செய்தது. அப்போது மாநில வாரியத்தையும் சிபிஎஸ்இயையும் எப்படி ஒப்பிடுவது என்ற கேள்வி எழுந்தது. சட்டம் கூறிய வழி எளிமையானது. ஒவ்வொரு வாரியத்திலும் அப்பாடத்தில் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணைச் சமமாகக் கொள்ள வேண்டும். மாநில வாரியத்தில் முதல் மதிப்பெண் 100, மற்ற வாரியத்தில் 90 என்றால், அந்த மற்ற வாரியத்தில் 60 எடுத்தவர் 66.66 எடுத்தவராகக் கருதப்படுவார். எளிமைக்கு ஒரு விலை இருந்தது. ஆயிரக்கணக்கானோரின் மாற்று விகிதத்தை ஒரே ஒரு மாணவரின் விடைத்தாள் தீர்மானித்தது.

2017இல் நீட் தேர்வு தமிழ்நாட்டுக்கும் கட்டாயமானபோது, மருத்துவக் கல்லூரிகளில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 85 சதவீதத்தை மாநில வாரிய மாணவர்களுக்கே அளிக்க அரசு ஆணை பிறப்பித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது, அது நிலைத்தது. மதிப்பெண்ணில் கை வைக்காமல் இடத்தை ஒதுக்குவது என்ற வழி, இலங்கையின் மாவட்ட முறையைப் போலவே, எதிர்ப்புக்கு நடுவிலும் தாக்குப்பிடித்தது கவனிக்கத்தக்கது.

டெல்லிப் பல்கலைக்கழகமோ வெகுகாலம் எந்தத் திருத்தமும் இன்றி, நாட்டின் எல்லா வாரியங்களின் மதிப்பெண்களையும் அப்படியே ஏற்றுவந்தது. 2021இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகளில் முதல் பட்டியலின் தகுதி மதிப்பெண் 100 சதவீதம். நூற்றுக்கு நூறு என்பது சாதனையாக இல்லாமல் நுழைவாயிலாக மாறியபின், அடுத்த ஆண்டே பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. பொதுத் தேர்வு வந்தால் திருத்தும் வேலை போய்விடும் என்பதும் இல்லை. 2024 நீட் தேர்வில், தேர்வறையில் நேரம் இழந்ததற்கு ஈடாக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் வழங்கப்பட்டது முடிவுகள் வந்த பிறகே பொதுமக்களுக்குத் தெரியவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றதும் அவை திரும்பப் பெறப்பட்டு, அவர்களுக்கு மறுதேர்வு வாய்ப்பு அளிக்கப்பட்டது.

செல்வந்த நாடுகளும் இதற்கு விதிவிலக்கல்ல. ஜெர்மனியின் 16 மாநிலங்களும் பள்ளி இறுதித் தேர்வைத் தனித்தனியே நடத்துகின்றன. மருத்துவப் படிப்புக்கு அந்த மதிப்பெண்களை மாநில எல்லை தாண்டி ஒப்பிடும்போது வேறுபாட்டை ஈடுகட்ட வேண்டும், அப்படிச் செய்யாதது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதாவது, திருத்தாமல் விட்டதே அங்கு குற்றமானது.

பள்ளியின் பெயரைக் கழித்தபோது

லண்டனில் நடந்ததை உடனிருந்து பார்த்த நாடு அயர்லாந்து. அங்கும் 2020இல் தேர்வு நடக்கவில்லை. அங்கும் ஆசிரியர் மதிப்பீட்டைச் சரிக்கட்டும் கணக்கீடு தயாராக இருந்தது. இங்கிலாந்தின் கொந்தளிப்பைக் கண்ட டப்ளின் அரசு, செப்டம்பர் தொடக்கத்தில், பள்ளியின் கடந்தகாலத் தேர்ச்சியை அக்கணக்கிலிருந்து நீக்கிவிட்டது. அதன் பிறகும் ஏறத்தாழ 17 சதவீதத் தரங்கள் குறைக்கப்பட்டன. ஆனாலும் முடிவுகள் நிலைத்தன.

அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களில் ஒருவர், சிறந்த தேர்ச்சிக்குப் பெயர் பெற்ற கட்டணப் பள்ளி ஒன்றின் மாணவர். தம் பள்ளியின் கடந்த காலத்தைக் கணக்கில் சேர்த்திருந்தால் தமக்கு மேலும் உயர்ந்த தரம் கிடைத்திருக்கும் என்பது அவருடைய வாதம். உயர் நீதிமன்றம் 2021இல் அதை நிராகரித்தது. லண்டனில் ஏழைப் பள்ளி மாணவர்கள் எதற்கு எதிராகத் தெருவில் நின்றார்களோ, அதையே டப்ளினில் ஒருவர் உரிமையாகக் கேட்டார் என்பது, பள்ளியின் பெயர் மதிப்பெண்ணுக்குள் நுழைந்தால் யாருக்கு லாபம் என்பதை விளக்கப் போதுமானது.

இங்கிலாந்தில் 2022 முதல் தேர்வுகள் வழக்கம்போல் நடக்கின்றன. 2025இல் ஏ மற்றும் ஏ ஸ்டார் பெற்றோரின் பங்கு 28.3 சதவீதம். அவசர நிலையில் மீண்டும் தேர்வுகள் நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கு ஆஃப்குவால் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. தேர்வறைச் சூழலில் ஆண்டு நடுவே மாதிரித் தேர்வுகள் நடத்தி, ஒவ்வொரு மாணவரும் தம் கையால் எழுதிய விடைத்தாள்களைப் பள்ளிகள் சேமித்து வைக்க வேண்டும் என்பதே அது.